செவலை சாப்பிடாத ஐந்து நாட்கள்

1944இல் மருதம்மாளுக்கு இருபத்தாறு வயது. மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். ஜப்பான்காரர்கள் வந்தபின் ரப்பருக்கு மதிப்பில்லாமல் போனது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த சனம் காட்டோரத்தில் மரவள்ளி நட்டுப் பிழைத்தது. கணவர் பழனியாண்டியைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை. வீட்டில் மிச்சமிருந்தது அவர் வளர்த்த நாய், செவலை. கிழங்குக் கொல்லையைப் பன்றிகளிடமிருந்து காத்தது அதுதான்.

அந்த நாய் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் நாத்தனார் செல்லாயி கவனித்தார்.

"தம்பி போயிட்டான்டி," என்றார். "வளத்தவன் உசுரு போனா நாய்க்குத் தெரியும். நம்மூர்ல எத்தன பாத்திருக்கோம்."

பக்கத்து வீட்டு அம்மாசி தலையிட்டார். "நானும்தான் சோத்தப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு. எனக்கு யாரு செத்தான்லா?"

யாரும் சிரிக்கவில்லை. நாய் எழவே இல்லை. அடித்தாலும் குரைக்காத அந்த அமைதியைத் துக்கம் என்றே லயம் முழுவதும் நம்பியது. மருதம்மாளும் நம்பினார். வரும் வெள்ளிக்கிழமை காரியம் என்று முடிவானது. துணியே கிடைக்காத காலம். விதவையான செல்லாயி, தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சேலையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைத் தம்பி மனைவிக்கென்று துவைத்துக் காயப்போட்டார்.

பல வருடங்கள் கழித்து இதை அவர் எனக்குச் சொன்னபோது, இந்த இடத்தில் நான் மருதம்மாளிடம், "நம்பினீர்களா, அல்லது நம்பினால் தேவலை என்று இருந்ததா?" என்று கேட்டேன். கேட்டபின் கூசியது. அவர் கோபப்படவில்லை. "ரெண்டுந்தான்," என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் கிழங்கை மசித்து நாயின் முன்னால் வைத்தார். செவலை எழுந்து வந்தது. வாலை ஆட்டியது. ஒரு வாய் கவ்வியதும் தலையை உதறிக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி வந்தது. மறுபடி உதறியது. முன்னங்காலால் வாயோரத்தைத் தேய்த்தது. தாடையிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது.

"எனக்கு மூணு நாளா சாப்பாட்டுப் பக்கம் போகவே தோணல. இது போகுது, போயிட்டு ஓடியாருது. அப்ப இதுக்குப் பசி இருக்கு. எனக்கு இருக்கறது இதுக்கு இல்லன்னு தோணுச்சு," என்றார் என்னிடம்.

தாடையைத் தொட்டார். ஒருநாளும் அவரைப் பார்த்து உறுமாத நாய் உறுமியது.

அம்மாசியைக் கூப்பிட்டார். அவர் நாயைக் கோணிச் சாக்கில் சுற்றி முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டார். "சீக்கிரம் மருதம்மா, கடிச்சா எங்கிட்ட மருந்து இல்ல!"

வாயைத் திறந்து குறுக்கே ஒரு கட்டையை வைத்துப் பார்த்தார்கள். மேலண்ணத்தில், இருபக்கக் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே, ஓர் எலும்புச் சில்லு குறுக்காகச் சிக்கியிருந்தது. சுற்றிலும் சதை கறுத்து நாறியது. பால் சீவும் கத்தியின் மழுங்கிய பின்முனையால் மருதம்மாள் அதை நெம்பினார். எலும்பு விழுந்தது. அவர் கட்டைவிரலிலும் இரத்தம்.

அது அவரே கொடுத்த எலும்பு. முந்தின வாரம் அம்மாசியின் சுருக்கில் பன்றி விழுந்தபோது, கொல்லை காத்த நாய்க்கென்று கெஞ்சி வாங்கிப் போட்டது.

ஒளித்து வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் துணியில் நனைத்து வாயைத் துடைத்தார். உப்பு தங்கம் மாதிரி இருந்த நேரம். கிழங்குக் கஞ்சியை ஆறவைத்து உள்ளங்கையில் ஊற்றினார். செவலை ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து, நிறுத்தி நிறுத்தி நக்கியது. காலையும் மாலையும் இப்படியே செய்தார். விரலால் தாடையை லேசாக அழுத்தி, அது சிலிர்க்கிறதா என்று தினமும் பார்த்தார். சிலிர்ப்பு நிற்க எட்டு நாள் ஆனது.

அந்த வியாழன் மாலையே செல்லாயி எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப தம்பி உசுரோட இருக்கான்!"

"அதுக்கு வாய் வலிச்சுது, அக்கா. அவ்வளவுதான்."

"வாய மூடுடி. நல்லதச் சொல்லு."

"நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. அது ஒண்ணும் சொல்லல."

வெள்ளிக்கிழமை காரியம் நடக்கவில்லை. மருதம்மாள் விடியற்காலையில் கொல்லைக்குப் போய்க் கிழங்கு பிடுங்கினார்.

ஒரு நம்பிக்கைக் கதை கேட்கிறேன் என்றுதான் நான் அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பழனியாண்டி வந்தாரா என்று கேட்டேன். வரவில்லை. சண்டை முடிந்து திரும்பிய ஆட்களில் அவரைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

"அன்னைக்கே தாலியக் கழட்டியிருந்தா அழுது முடிச்சிருப்பேன்," என்றார். "நாய்க்கு என்னா வலின்னு பாத்துட்டேன். அதுக்கப்புறம் அத வச்சு அவர சாகடிக்கவும் முடியல, வாழவைக்கவும் முடியல. சும்மா இருந்தேன், தம்பி. நாப்பது வருசம்."