வேர் முடிச்சும் வேப்பம் புண்ணாக்கும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். கடைசி மகன்தான் என்னோடு விவசாயத்தில் நிற்கிறான். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

கிணற்றடித் தோட்டத்தில் கத்தரி நட்டால் இரண்டு வருடமாக ஒரே கதை. பூக்கிற நேரத்தில் செடி மதியம் துவளும், சாயங்காலம் நிமிரும், பிறகு நிமிரவே நிமிராது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கொத்தமல்லி விதையைக் கோத்ததுபோல முடிச்சு. கண்ணுக்குத் தெரியாத புழுவின் வேலை.

மகன் சலித்துப்போனான். "இன்னொருக்காவும் போச்சுன்னா இந்தத் தோட்டத்துல கோழிக்கொட்டாய் போட்டுருவேன், பாத்துக்கம்மா."

"போட்டுக்க சாமி. இந்த ஒரு தடவ என் இஷ்டத்துக்கு உடு."

என் கைக்கென்று மிச்சமிருப்பது அந்தத் தோட்டம் ஒன்றுதான். அதுவும் போனால் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வேப்பம் புண்ணாக்கை இடித்து, மக்கிய சாணத்தோடு கலந்து, குழிக்குக் குழி போட்டுத் தண்ணீர் விட்டு ஆறவிட்டேன். உடனே நட்டால் நாற்றுக்கு ஆகாது. அதற்குள் மகன், அம்மாவுக்கு ஒத்தாசை என்று, கோழிப்பண்ணையிலிருந்து டிராக்டர் நிறைய எருவைக் கொண்டுவந்து தோட்டம் முழுக்கக் கொட்டிவிட்டான். பச்சை எரு, கை வைத்தால் சுட்டது. சும்மா கிடைக்கிறதே என்று எங்கள் பக்கம் பலரும் செய்வதுதான்.

"ஏஞ்சாமி, நாத்த வேக வெக்கவா இதக் கொண்டாந்த?"

"நல்லதுக்குத்தான கொட்டுனேன்!"

மருமகள் சிரித்தாள். "ஏனுங்கத்தை, எரு மக்கற வரைக்கும் உங்க மகன் பொறுப்பாருங்களா? சோறு வேகற வரைக்குமே பொறுக்க மாட்டாருங்க."

அவளும் நானும் கூடை கூடையாக வாரி வரப்போரம் சேர்த்தோம். கிழக்குப் பக்கம் வருவதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிற்று. அங்கே அப்படியே விட்டு நட்டோம். அந்தப் பக்கத்து நாற்று கருகிப்போயிற்று.

மற்றது நின்று காய்த்தது. மகன் தானாகவே ஒரு செடியைப் பிடுங்கினான். வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு இருந்தது, முன்போல இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொட்டாய் எப்பப்பா போடற?" என்று நான்தான் கேட்டேன்.

"மொதல்ல கெழக்கால பக்கம் மறுபடியும் புண்ணாக்குப் போட்டு நடோணும். நானே இடிக்கறேன். நீ போய் உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு இன்னும் நேராகவில்லை. பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். எழுதினதை அவளிடம் நீட்டுகிறேன்.

"படிச்சுக் காட்டு சாமி. உங்கப்பனைத் திட்டுன மாதிரி எங்கியாச்சும் இருந்தாச் சொல்லு."