துவைக்காத சாரோங்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் தங்கை ஷாமினி குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். துவைப்பதும் பால் போத்தல்களைக் கொதிக்க வைப்பதும் என் வேலை. ஒன்பது வருடத்தில் பதினாறு பிள்ளைகள். பதினேழாவதாக வந்தவன் நான்கு மாத ஜுஹைர்.

அவன் அம்மா மஹ்ஜபீன், பல் மருத்துவரிடம் உதவியாளர். பிரசவ விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. புதன் முதல் வெள்ளி வரை பிள்ளையை விட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். பழகாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்; வேறு ஆளில்லை. ஸ்பிரிங் தொட்டிலில் கட்ட, அவன் வீட்டில் தூங்கும் தன் சாரோங் கைலியைச் செவ்வாயன்றே கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாளும் அழுதான். ஷாமினி தோளில் போட்டு நடந்தாள், முதுகைத் தட்டினாள், காதோரம் 'உஷ்' என்றாள். தோளில் அடங்குவான், தொட்டிலில் போட்டதும் முகம் சிவந்து கை விறைக்கும். நானும் கிலுகிலுப்பையை ஆட்டினேன், போனில் பாட்டுப் போட்டேன்.

"ஒவ்வொண்ணா செய்லா, அக்கா. பாரு, மூஞ்சியத் திருப்பிக்கிறான். போதும்னு சொல்றான்."

"நாலு மாசப் புள்ள உங்கிட்டச் சொல்லிச்சாக்கும்."

"உன்னவிடத் தெளிவாச் சொல்றான்."

வெள்ளி காலை அவள் தொட்டிலுக்குள் தலையை விட்டு முகர்ந்தாள்.

"இதத் தொவச்சியா?"

"செவ்வாக்கிழமையே. அப்புறம் தெனமும். வாசன சாப்டனர் ஊத்தி." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அவன் அம்மா வாசத்த மொத்தமா அலசிட்டியேக்கா."

ஷாமினி பூச்சோங்கில் வீட்டிலிருந்த மஹ்ஜபீனைப் போனில் அழைத்தாள். "நேத்து நீங்க கட்டியிருந்த சாரோங் இருக்கா? தொவைக்காமக் கொண்டு வாங்க."

"அதுல பால் வாடை அடிக்குமேக்கா."

"அதான் வேணும்."

அவள் கொண்டு வந்ததைத் தொட்டிலில் கட்டிப் படுக்க வைத்த பிறகும் அழுதான். ஷாமினி வேறெதுவும் செய்யாமல் தொட்டிலை ஒரே சீராக ஆட்டினாள். கன்னத்தைத் துணியில் தேய்த்தான். விறைத்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு விம்மல், இன்னொரு விம்மல், பிறகு தூக்கம். பதினோரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்ற மஹ்ஜபீன் கண்ணைத் துடைத்தாள். "திங்கக்கிழம எத்தன மணிக்கு விடட்டும்?"

"ஏழரைக்கு. தெனமும் ஒரு சாரோங் கட்டிட்டு, அப்படியே கொண்டு வாங்க" என்றாள் ஷாமினி. "எங்கக்கா கையில மட்டும் குடுத்துடாதீங்க."