அவள் அசையாமல் இருக்க நான் ஜெபித்தது

இந்த வருடத் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி. என் மனைவி ஜெசிந்தாவின் இதயம் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. நெஞ்சில் ஷாக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். ஆனால் ஷாக் கொடுக்கும்போது உடம்பு தூக்கிப் போடும். முதல் நாள் வண்டியிலிருந்து விழுந்ததில் அவளுக்குப் பின்கழுத்து எலும்பு உடைந்திருந்தது. தூக்கிப் போட்டால் கை கால் விழுந்துவிடலாம்.

வரதராசன்பேட்டைப் பக்கம் எந்தக் கோவில் விழாவிலும் மைக்கைப் பிடித்து உங்களைச் சிரிக்க வைப்பவன் நான். அன்று எனக்கு வந்தது ஒரே கேள்வி.

"சார், பாதி ஷாக் குடுக்க முடியாதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மயக்கி, தசையைத் தளர்த்தும் மருந்து போட்டு, கழுத்துக்குக் காலர் மாட்டி, தலையைப் பட்டையால் கட்டிவிட்டால் அசைவு பெரும்பாலும் குறையும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' இன்றுவரை எனக்குப் பிடிக்காத வார்த்தை.

பக்கத்துக் கட்டிலில் உடையார்பாளையத்துக்காரர் ஒருவர், அவருக்கும் இதய நோய். அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா, குப்பியில் வைத்திருந்த மாதா கோவில் எண்ணெயை எனக்கும் ஊற்றித் தந்தார். நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மீனுக்கு மசாலா தடவுவதுபோல் ஜெசிந்தாவின் நெஞ்சு முழுக்கத் தடவிவிட்டேன். நர்ஸ் வந்து ஷாக் கொடுக்கும் வில்லையை ஒட்டினார். வழுக்கியது. மறுபடி ஒட்டினார். மறுபடி வழுக்கியது.

யார் தடவியது என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சாமிய வேணாங்கல சார். நெஞ்ச மட்டும் எங்களுக்கு வுடுங்க," என்று சொல்லி எண்ணெயைத் துடைத்தார்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே, இவளை அசையாமல் வையும் என்று கெஞ்சினேன். மயக்க மருந்து ஏறுமுன் ஜெசிந்தா முனகினாள்.

"ஏங்க, கம்பிய வுடுங்க. நீங்க நடுங்குறதுல கட்டிலு ஆடுது. ஷாக்கே வேணாம், கழுத்து இப்பவே போயிரும்."

என்னை வெளியே தள்ளினார்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். எல்லாரும் கையை எடுத்து விலகி நின்றார்கள். விக்கல் வந்ததுபோல் அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான். இதயம் ஒழுங்குக்கு வந்தது. மயக்கம் தெளிந்ததும் கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைத்தாள். அதுவரை அசையக் கூடாதென்று அழுதவன், அசைந்ததற்கு அழுதேன்.

இதோடு நிறுத்தினால் கோவிலில் எழுந்து சொல்ல நல்ல சாட்சி. ஆனால் மறுநாள் ஆரோக்கியம் அக்காவின் கணவருக்கும் ஷாக் கொடுத்தார்கள். அவருக்கு உயிர் திரும்பவில்லை. அதே மாதா, அதே எண்ணெய். என்னைப்போல் உளறாமல், முழங்காலில் நின்று ஒழுங்காக ஜெபித்தவர் அக்கா.

"தங்கச்சி பொழைச்சிருச்சுல்ல தம்பி. பத்திரமா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

ஆகவே, உன் விசுவாசம்தான் காப்பாற்றியது என்று யாரும் என் முதுகைத் தட்டாதீர்கள். அப்படியானால் அக்காவின் விசுவாசம் என்ன ஆயிற்று? பூசையில் கடைசி வரிசையில் நின்று கிண்டலடித்தவன் இன்று தினமும் ஜெபிக்கிறேன். பாதி நன்றி, பாதி சண்டை. இரண்டையும் ஆண்டவர் கேட்டுக்கொள்கிறார். நீங்களும் நம்பி வாருங்கள். நடுங்குகிறவனை நர்ஸ்தான் வெளியே தள்ளுவார், ஆண்டவர் தள்ளுவதில்லை.

மாதாமாதம் நானும் ஜெசிந்தாவும் உடையார்பாளையம் போய் அக்காவோடு ஜெபமாலை சொல்கிறோம். இந்தச் சாட்சியை அவர் முன்னால் மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை.