எண்ணெய் காணாத மின்விசிறி

பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே போர்வைக்குள்ளிருந்து கை உயர்கிறது. "கத்தரிய நிறுத்துங்க." சலூன் வானொலியில் இந்தக் கோடையின் பாட்டு, ஊரே முணுமுணுக்கும் பாட்டு ஓடுகிறது. முடிவெட்ட உட்கார்ந்தவர் கண்ணை இடுக்கிக் கேட்கிறார். "கிரீச்சுனு வந்துச்சே, கேட்டீங்களா?"

"எனக்கு மேல ஓடுற ஃபேன் சத்தம்தான் சார் கேக்குது," என்கிறார் முடிதிருத்துபவர்.

"அதேதான்! அதைத்தான் திருடியிருக்கானுங்க."

கத்தரி மறுபடி ஓடுகிறது. கண்ணாடி வழியாகக் கத்தரிக்காரரையும் ஒரு பார்வை பார்த்துவைக்கிறார். யார் கண்டது, இவரும் அவர்கள் ஆளாக இருக்கலாம்.

தொழிலில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். பாட்டுக்கும் படத்துக்கும் வேண்டிய ஓசைகளைப் பதிவுசெய்து ஒலிக்கூடங்களுக்குக் கொடுப்பவர். பாட்டில் கோடை என்றால் மொட்டைமாடி, பீய்ச்சும் தண்ணீர், நனைந்தபடி சிரிக்கும் ஜோடி. "பாட்டுல வர்ற வெயில்ல எவனுக்காவது வேர்க்குதா?" என்பார். உச்சிவெயிலில் அலைந்து அவர் சேர்த்தவை வேறு: காற்று மட்டும் வரும் குழாயின் இருமல், இளகிய தாரில் செருப்பு ஒட்டிப் பிரியும் ஓசை, மின்சாரம் போனதும் அடுக்ககமே ஒரே மூச்சில் சொல்லும் 'ச்சே'. ஒலிக்கூடங்கள் கேட்பதென்னவோ கண்ணாடிக் குவளையில் ஐஸ் விழும் சத்தம்தான்.

அவர் வீட்டுக் கூடத்து மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிடும். ஆறு வருடம் முன்பு அதைப் பதிந்து, நகரத்துக் கோடை இதுதான் என்று ஓர் ஒலிக்கூடத்தில் கொடுத்தார். வேண்டாம் என்றார்கள். அதே ஒலிக்கூடத்திலிருந்து இப்போது இந்தப் பாட்டு. முப்பது வருடத் தொழிலில் உருப்படியாகப் பிடித்தது அந்த ஒன்றைத்தான் என்பது அவர் எண்ணம், விட்டுவிட மனமில்லை. தன் கிரீச்சைத் திருடிவிட்டார்கள் என்று ஒலிப்பதிவாளர் சங்கத்துக்குப் புகார் நாலு தாளில் தயார்.

பாட்டின் ஓசைகளைக் கலந்து சேர்த்த பையன் தொலைபேசியில் கெஞ்சினான். "அண்ணே, அதை அனுப்பினீங்கன்னா அப்புறம் எந்த ஒலிக்கூடமும் உங்களைக் கூப்பிடாது. அதுல ஃபேனே இல்லண்ணே."

"நான் கேக்காமலே இல்லன்னு ஏன் சொல்ற?"

ஹெட்போன் மாட்டிக் கேட்கலாமே என்றால் அதற்கும் மாட்டார். "ஹெட்போனைச் செஞ்சவன் எதை மறைச்சிருக்கானோ! ஜனங்க கேக்கற மாதிரி கேக்கணும்." சந்தேகக்காரர்கள் எல்லாவற்றையும் சந்தேகிப்பதில்லை, தங்கள் காதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கிரீச்சோடு அவர் மனைவிக்கு இது ஆறாவது கோடை. எண்ணெய்க் குப்பியோடு, ஒரு கால் குட்டையான ஸ்டூலில் அவள் ஏறப்போன ஒவ்வொரு முறையும் அவர் தடுத்திருக்கிறார். இந்த வருடம் சொன்ன காரணம்: "சாட்சியைக் கலைக்கப் பாக்கறியா?"

முடிவெட்டிக்கொண்டு வந்த அன்று பிற்பகல், புகாரைத் தபாலில் சேர்க்குமுன் கடைசியாக ஒருமுறை என்று கூடத்தில் பாட்டைப் போட்டார். மூன்றாம் சுற்றில் கிரீச். "கேட்டியா?" என்று நிமிர்ந்தார். அவள் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

இறக்கைகள் ஓய்ந்தன. பாட்டு தொடர்ந்தது, வழுவழுவென்று.

"மாத்திட்டானுங்க," என்றார். "விஷயம் வெளிய தெரிஞ்சதும் எடுத்துட்டானுங்க பாரு."

அவள் மறுபடி சுவிட்சைத் தட்டினாள். இறக்கைகள் வேகமெடுத்தன. கிரீச்.

"இப்ப திரும்ப வந்து வெச்சுட்டுப் போயிட்டாங்களாங்க?"

அவர் தானே எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தார். போட்டார். மீண்டும் அணைத்தார். அதற்குள் பாட்டும் முடிந்துவிட்டது. கூடத்தில் புழுக்கம் இறங்கியது. அவள் குப்பியை நீட்டினாள். வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

பிறகு ஸ்டூலை விசிறிக்கு நேர்கீழே இழுத்துப்போட்டார். அது ஆடியது. மேசையிலிருந்த நாலு தாளையும் எடுத்து, மடித்து, இன்னும் ஒரு மடிப்பு மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு ஏறினார்.