கொஞ்சம் கஷ்டம்

ஒசாகாவில் எங்களுக்குக் கிடைத்த சின்ன அபார்ட்மென்டில் அக்கா சூட்கேஸைத் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் மேலே மாமாவின் வாக்கிங் ஷூ இருந்தது. ஹூஸ்டனிலிருந்து அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்பியவள் அவள். தனக்கு ஸ்வெட்டர் எடுத்துவைக்கவில்லை. பல் தேய்க்க பிரஷ்கூட இல்லை. ஷூவை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, நாடாவை உள்ளே மடித்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "எழுந்து நடக்க ஆரம்பிச்சா வேணும்டா. ஆபீஸ் ஷூ போட்டு நடந்தா அவருக்குக் குதிகால் வலிக்கும்" என்றாள். மாமா அந்த நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில், மூச்சுக்குக் குழாய் வைத்துப் படுத்திருந்தார். மூளையில் ரத்தக் கசிவு. நான் வந்து பார்த்ததிலிருந்து ஒருமுறைகூடக் கண் திறந்திருக்கவில்லை.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய்கள் சம்பந்தப்பட்ட கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். ஒசாகாவில் ஒரு தொழிற்சாலையில் செய்த வால்வுகளைப் பரிசோதித்து வாங்க அவரை அனுப்பியிருந்தார்கள். ஜப்பானுக்கு அதுதான் முதல் பயணம். ஊரைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாராம். ஒரு மீட்டிங்கின் நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். நான் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருப்பவன். எனக்கு நேர் விமானம் கிடைத்ததால் அக்காவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஹைஸ்கூல் கடைசி வருஷத்தில் இருந்த மகளைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு அக்கா வந்தாள். "எக்ஸாம் நேரம், அவ எதுக்கு அலையணும்? அப்பாவைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அக்கா எங்கேயும் தனியாகப் போய்ப் பழகாதவள். இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஹூஸ்டனில் இருந்தும் அவள் ஃப்ரீவேயில் கார் ஓட்டியதில்லை. ஹில்கிராஃப்ட்டில் இருக்கும் இந்தியக் கடைகளுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவதென்றாலும் உள் தெருக்களிலேயே சுற்றிச் சுற்றிப் போவாள். அதைத் தாண்டிய உலகத்துக்கு மாமாதான் ஓட்டிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவளை, ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஒரு பெருநகரத்தில் விதி கொண்டுவந்து இறக்கியிருந்தது.

மத்தியானம் சிறிது நேரம்தான் உள்ளே விடுவார்கள். அந்த நேரத்துக்கு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். மற்ற நேரமெல்லாம் அந்த ஊரில் உயிரோடு இருந்தாக வேண்டும். அதை அக்கா ஒவ்வொன்றாக, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டாள். பால் என்று வாங்கிவந்தது புளித்த தயிர்ப்பானமாக இருந்தது. ஊற்றியதும் காபி திரிந்துபோனது. நாங்கள் கட்டிவைத்த குப்பைப் பையை எடுக்காமல், ஏதோ எழுதிய தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எந்தப் பாக்கெட்டைத் திருப்பினாலும் மீன் கலந்திருந்தது. அரிசி குக்கரின் பொத்தான்களை ஃபோனில் படம் பிடித்து மொழிபெயர்த்து, நெயில்பாலிஷால் ஒன்றின்மேல் புள்ளி வைத்தாள். வந்த சோறு குழைந்து ஒட்டிக்கொண்டது. அதில் தயிரைப் பிசைந்து நின்றபடியே விழுங்குவாள். நான் ஒரு மூலையில் லேப்டாப்பைத் திறந்து என் வேலையைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் எனக்கு ஆபீஸ் கால் இருந்ததால் அவள் மட்டும் ரயிலில் கிளம்பினாள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் தரைக்கடியில் ஒரு தனி ஊர் மாதிரி விரிந்துகிடக்கும். தவறான வாசல் வழியாக ஏறி, வேறொரு கடைவீதிக்குள் போய், மறுபடி இறங்கி, அதே தூணுக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறாள். அடித்துப்பிடித்து அவள் வார்டுக்குப் போனபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. நர்ஸ் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாளாம். ஆனால் கதவைத் திறக்கவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் வரலைன்னு அவர் நினைச்சிருப்பாருடா" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஒசாகாவுக்கு வந்தபிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே கிளம்பிப் போய், அந்த வழியைப் போவதும் வருவதுமாக நடந்து பழகினாள். அதன்பின் ஒருநாளும் அவள் தாமதிக்கவில்லை.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசியது அந்த வாரத்தில்தான். இளைஞர், கண்களில் தூக்கமின்மை. மேஜைமேல் ஒரு டேப்லெட்டை வைத்தார்கள். அதில் எங்கிருந்தோ ஒரு பெண் அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஸ்கேன் படங்களைக் காட்டி டாக்டர் நெடுநேரம் பேசினார். கடைசியில் அந்தக் குரல், நினைவு திரும்புவது கொஞ்சம் கஷ்டம் என்றது. அக்கா வெளியே வந்து, பல நாட்களுக்குப் பிறகு முகம் தெளிந்து, "கொஞ்சம் கஷ்டம்னுதானே சொன்னாரு? முடியாதுன்னு சொல்லலையே" என்றாள். ஸ்கேனில் இருந்த கறுப்பு எனக்குப் பயத்தைக் கொடுத்திருந்தது. ஆனாலும் அந்தக் 'கொஞ்சத்தை' நானும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மகள் ஃபோனில், "அம்மா, ஷுட் ஐ கம்?" என்று கேட்டாள். "வேணாம்டா. அப்பா கண்ணு முழிச்சதும் வீடியோ கால் போடறேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அபார்ட்மென்டுக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. முட்டை போடாத ரொட்டி இருக்கிறதா என்று அக்கா அங்கே கேட்டாள். கடைக்காரப் பெண் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "ச்சொத்தோ..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினாள். ஃபோனில் பார்த்தால் 'கொஞ்சம்' என்று அர்த்தம் வந்தது. கொஞ்சம் இருக்கிறதாக்கும் என்று அக்கா காத்து நின்றாள். அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, அறையில் சாமிக்கு விளக்கேற்றலாமா என்று கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டோம். தலை சாய்ந்தது, அதே மூச்சு, அதே "ச்சொத்தோ". அக்காவின் தைராய்டு மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுப்பார்களா என்று மருந்துக்கடையில் கேட்டபோதும் அதேதான்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா திடீரென்று கேட்டாள். "இந்த ஊர்ல யாரும் 'இல்லை'ன்னு சொல்லவே மாட்டாங்களாடா?"

"மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு கஷ்டப்படும்னு பார்ப்பாங்க போலக்கா."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அப்ப டாக்டர் சொன்னது?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, டாக்டரை இன்றைக்கே மறுபடி பார்க்க வேண்டும் என்றாள்.

அதே அறை, அதே டேப்லெட். அவர் நடப்பார் என்று எதிர்பார்க்கலாமா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "கண்ணு முழிப்பாரான்னு மட்டும் கேளு" என்றாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தக் குரல் ஜப்பானிய மொழியில் கேட்டது. டாக்டர் கைகளைக் கோத்துக்கொண்டார். தலை லேசாகச் சாய்ந்தது. மூச்சை உள்ளே இழுத்தார். "ச்சொத்தோ" என்று ஆரம்பித்தார். டேப்லெட்டிலிருந்த பெண் மொழிபெயர்க்க வாயெடுத்ததும் அக்கா கையை உயர்த்தி, "போதும்மா" என்றாள். தமிழில்தான் சொன்னாள், அங்கே எல்லோருக்கும் புரிந்தது. என்னிடம் திரும்பினாள். "முழிக்கவே மாட்டார்தானேன்னு கேளு. ஆமான்னா வாயால சொல்ல வேணாம், தலையை மட்டும் ஆட்டச் சொல்லு." நான் கேட்டேன். டாக்டர் அவளை நேராகப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, வெகுநேரம் தலைகுனிந்திருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்து நான் தோளைப் பிடித்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "பொண்ணை வரச் சொல்லு. இன்னிக்கே ஃப்ளைட் போடு. உயிரோட இருக்கும்போது பார்க்கட்டும்."

மகள் வந்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியே கூட்டிக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிட்டிருந்தார். ஹூஸ்டனில் நாங்கள் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண் அவள். மாமா அதற்காக அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். ஐ.சி.யூ.வில் அப்பாவின் காதருகே குனிந்து, "அப்பா, நான் வந்துட்டேன். ப்ளேன்ல பயமா இல்ல. நானே தனியா வந்தேன்" என்று தமிழில் பேச ஆரம்பித்தாள். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினாள். கிடைக்காத இடத்தில் நிறுத்தி, அம்மாவைக் கேட்டு, திரும்பச் சொன்னாள். அனுமதித்த நேரம் முழுவதும், உள்ளே விட்ட எல்லா நாட்களிலும், ஒரு ஆங்கில வாக்கியம்கூட அவள் அப்பாவிடம் பேசவில்லை. அவளுக்கு அப்படிச் சில நாட்கள் கிடைத்தன. பிறகு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், ஒரு விடிகாலையில் மாமா போய்விட்டார்.

உடலை ஹூஸ்டனுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அக்கா வேண்டாம் என்றாள். இதற்குமேல் அவரைப் பெட்டியில் வைத்து அலைக்கழிக்க வேண்டாம் என்றாள். சென்னையிலிருந்து பெரியப்பா ஃபோனில், பெண்கள் சுடுகாட்டுக்குப் போக வேண்டாம், தம்பி மட்டும் போய்ச் செய்யட்டும் என்றார். "இங்க அவருக்கு நாங்க மூணு பேர்தான் பெரியப்பா. மூணு பேரும் போறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஊர் வழக்கத்தில், எரிந்து முடிந்தபின் குடும்பத்தார்தான் எலும்புகளை எடுக்க வேண்டும். ஒரு எலும்பை இரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு ஜோடி நீளக் குச்சிகளால் தூக்கிக் கலயத்தில் போட வேண்டும். வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் காலிலிருந்து ஆரம்பிக்கும்படி சைகை காட்டினார். எதிரெதிராக நின்ற அக்காவும் மகளும் குச்சிகளை நீட்டினார்கள். மகளின் குச்சியிலிருந்து எலும்பு நழுவப் பார்த்தது. "மெதுவா. நீ விட்டாலும் நான் பிடிச்சிருக்கேன்" என்றாள் அக்கா. கலயம் சின்னது, எல்லாம் அதற்குள் போகாது. அந்தப் பகுதியில் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்வார்களாம், மீதியை அங்கேயே ஒரு பொது நினைவிடத்தில் சேர்த்துவிடுவார்களாம். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்றாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் இப்போது ஆஸ்டினில் வேலை பார்க்கிறாள். அக்கா அதே ஹூஸ்டன் வீட்டில் இருக்கிறாள். மகளைப் பார்க்க ஃப்ரீவேயில் தானே கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த நகரத்தைப் பற்றி எங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசத் தொடங்கினால் நான்தான் முதலில் எழுந்து போய்விடுவேன்.

சென்ற கோடையில் அக்கா ஃப்ரீமான்ட்டுக்கு வந்திருந்தாள். என்னோடு வேலை செய்யும் பையனும் அவன் மனைவியும் சாப்பிட வந்தார்கள். முதல்முறையாக ஜப்பான் போகப்போகிறார்களாம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று அந்தப் பெண் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "நீங்க ஜப்பான் போயிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்தேன். அக்கா சாம்பார்க் கரண்டியை நிறுத்தாமல், "ஒசாகாவுல இருந்திருக்கேன்மா" என்றாள்.

"ஓ, சூப்பர். அந்தக் கோட்டை பார்த்தீங்களா? நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்குமாம். நான் பார்க்கல. நீங்க போய்ப் பாருங்க."

"ஒசாகாவுக்கு எத்தனை நாள் வெச்சா போதும் ஆன்ட்டி?"

அக்கா அந்தப் பெண்ணின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "தெரியலம்மா" என்றாள். "எங்களுக்குப் பத்தல."