ஏழுமலையின் பெட்டியோடு வந்தவர்

"உளுந்தூர்பேட்டைக்கு வண்டிய எடுய்யா. பட்டாளத்து லாரி அங்கயே நிக்குது. மெட்ராஸ்லேர்ந்து ஒரு பாடி வந்திருக்கு."

பெரிய டாக்டர் இதைச் சொன்னபோது நான் டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. அப்போது கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. பெரிய மறியல் ஓய்ந்த பிறகும், எந்த ஊரில் எப்போது சாலைக்குக் குறுக்கே மரம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. நம் பட்டாளம் இலங்கைக்குப் போயிருந்ததும் அதே சமயம்தான். அதனால் பட்டாள லாரியைக் கண்டாலே கல் விழும் என்று போலீஸ் அதற்கு மேல் விடவில்லை. ஆஸ்பத்திரி வண்டி என்றால் வழி கிடைக்கும்.

"யார் சார் பாடி?" என்று கேட்டேன்.

"ஏழுமலைன்னு ஒரு சிப்பாய். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரம். சிலோன்ல குண்டடி பட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில செத்துட்டான்."

எனக்கு அவரைத் தெரியும்.

வண்டியை எடுத்தபோது கேட்டருகே பன்னீர் நின்றிருந்தார். கரியாலூரில், மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அவர் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி கொதிக்க வைப்பதும் அவர் வேலை. ஊருக்குத் தந்தி வந்த சேதி கேட்டு, பஸ் ஓடாததால் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருக்கிறார். "நானும் வரேன் டிரைவர்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டேன்.

மலைமேல் குவார்ட்டர்ஸ்

நான் கேட்காததற்குக் காரணம் உண்டு. மாதம் ஒருமுறை மலைக்கு மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டு போவேன். ஏழுமலை லீவில் வந்தால் பன்னீரின் குவார்ட்டர்ஸில்தான் இருப்பார். முறுக்கு மீசை, ஆறடி ஆள். வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காதவர் என்று ஊரில் பெயர். அங்கே அரிவாள்மணையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். பன்னீருக்குக் காய்ச்சல் கண்டபோது அவர் துணியைத் துவைத்து வேலியில் காயப்போட்டதை நானே பார்த்தேன். "உப்பு பாருங்க டிரைவர், ஜாஸ்தியா இருந்தா இவன் சாப்பிட மாட்டான்" என்று எனக்கும் குழம்பு ஊற்றினார். சுவரோரம் ஒரே ஒரு பாய்தான் சுருட்டி வைத்திருந்தது. எனக்கு விளங்கியது. நான் யாரிடமும் பேசவில்லை.

ஊரிலோ வேறு கதை. மிலிட்டரிக்காரர் மலையில் ஒரு பொம்பளையை வைத்திருக்கிறார் என்றார்கள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் மெச்சிக்கொள்ளவும் செய்தார்கள். ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று.

புளியமரம்

உளுந்தூர்பேட்டையில் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். லாரியோடு வந்த சிப்பாய் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பன்னீர் பின்னால் பெட்டியோடு இருந்தார். எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. போகும்போது அது இல்லை. நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள்.

தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்து, "உள்ள இன்னா?" என்றார். சொன்னேன்.

"எந்த ஊரு? இன்னா ஆளுங்க?"

அதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "டேய், நம்ம புள்ளைடா!" என்று கத்தினார். அத்தனை பேரும் ஓடிவந்து மரத்தைப் புரட்டித் தள்ளினார்கள். சிலர் அழவும் செய்தார்கள். பின்கதவைத் திறந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அப்போதுதான் பன்னீரைப் பார்த்தார்கள்.

"நீ யாரு? அவருக்கு இன்னா வேணும்?"

பன்னீர் பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சிநேகிதன்" என்றார்.

"எந்தத் தெரு?"

அவர் பதில் சொல்லவில்லை. அது போதுமாயிருந்தது அவர்களுக்கு.

"காலனியா? எறங்கு. எங்க புள்ளைக்குத் துணை நாங்க வர்றோம்."

"ஆஸ்பத்திரி ஸ்டாஃப்புங்க அவரு" என்றேன்.

"வண்டி முழுசா ஊர் போய்ச் சேரணுமா வாணாமா?"

என் சட்டையை ஒருவன் பிடித்தான். "வுடுங்க டிரைவர், நீங்க போங்க. அவுரு போய்ச் சேரட்டும்" என்று பன்னீரே இறங்கிக்கொண்டார். அவர் இருந்த இடத்தில் ஏழுமலையை முன்பின் பார்த்திராத இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள்.

பந்தல்

மலையடிவாரத்தில் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினோம். மறியலால் என்னால் அன்று திரும்ப முடியவில்லை. ஏழுமலையின் மனைவி அஞ்சலை அழுது ஓய்ந்திருந்தாள். என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

"அண்ணா, நீங்க மலைக்குப் போவீங்களே. அந்தப் பொம்பளை யாருன்னு தெரியுமா? வரச் சொல்லுங்க. அவளும் ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துக்கினு போவட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்படிப் பொம்பளை யாரும் இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பன்னீர் வந்து சேர்ந்தார். யாரிடமோ சைக்கிள் வாங்கி வயல் வழியாகவே மிதித்து வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. நேராகப் பந்தலுக்குள் வந்து, பெட்டியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆண்கள் துண்டால் வாயைப் பொத்தி அழுவார்களே, அந்த அழுகை இல்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுதார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் ஒப்பாரி நின்றுவிட்டது.

அஞ்சலை அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மலையிலேர்ந்து வந்தவரா?"

"ஆமாம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். "எனக்கு மலடின்னு பேரு வெச்சாங்க. எத்தினி கோயில்ல மண்சோறு தின்னிருப்பேன்! ஒரு பொம்பளையா இருந்தா மயிரப் புடிச்சி இழுத்துட்டு, அப்பறம் கட்டிப் புடிச்சி அழுதிருப்பேன். இந்தாள நான் இன்னா பண்ணுவேன், அண்ணா? யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிட்டு, "அவரப் போவச் சொல்லு" என்றாள்.

யாரும் அவரைத் தொடவேண்டியிருக்கவில்லை. பன்னீருக்கும் அது கேட்டது. எழுந்து அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருட்டுவதற்குள் தேசியக்கொடி போர்த்தி, ஊரே சேர்ந்து ஏழுமலையை எடுத்துப் போனது. வீரன், ஆம்பளைச் சிங்கம் என்று கோஷம் போட்டார்கள். அஞ்சலை சுடுகாட்டுக்குப் போக முடியாது, தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாதம் மருந்துப் பெட்டியோடு மலை ஏறினேன். பன்னீர் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். கடைசிப் பெட்டியைத் தூக்கும்போதுதான் கேட்டார்.

"கொள்ளி யாரு வெச்சது?"

"பங்காளி மவன்."

"அழுதானா?"

"இல்ல."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு என் வேனில் எத்தனையோ பிணங்களை ஏற்றி இறக்கினேன். கூட ஏற வந்தவர்களிடம் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது வண்டி ஓட்டுகிற பிள்ளைகளே, நீங்களும் கேட்காதீர்கள். கேட்பதற்கு ரோட்டில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள்.