பட்டாபட்டிக் கோடுகள்

அக்கம்மாளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கம்பத்தில் சொந்த வீட்டில் இருந்தாலும் உத்தமபாளையத்தில் ஆசிரியப் பயிற்சி விடுதியில் இருந்தாலும், உட்கார்ந்தால் வலது கால் ஆடும். கை எதையாவது இடம் மாற்றி வைக்கும். திராட்சைத் தோட்டக் குடும்பம். அதில் வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போன முதல் பெண் அவள்.

1971-இல் இரண்டாம் வருடப் பரீட்சைக்குப் படத்தொகுப்பு ஒன்று ஒப்படைக்க வேண்டியிருந்தது. ‘எங்கள் பள்ளத்தாக்கு’ என்று தலைப்பு வைத்துக்கொண்டாள். திராட்சைக் கூடையில் ஒட்டும் சீட்டு, பஸ் டிக்கெட், காலண்டரில் வெட்டிய வைகை அணை, பத்திரிகையில் வந்த ஏலக்காய்த் தோட்டம், மலையேறும் ஜீப்பின் படம் என்று அலைந்து அலைந்து சேர்த்தாள். பழுப்புத் தாள் நோட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. ஒன்று முழுப் பக்கத்தையும் அடைத்தது. இன்னொன்று தீப்பெட்டி அளவுகூட இல்லை.

கைவேலை சொல்லித் தரும் சாராள் டீச்சர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சந்தைக்கு வந்த கூட்டமாட்டம் ஆளுக்கொரு பக்கம் பாத்து நிக்குது. கண்ணு எங்கன போறதுன்னு தெரியலையே” என்றார்.

அந்த வாரம் முழுக்க ஒட்டுவதும் பிய்ப்பதுமாக இருந்தாள். சனிக்கிழமை நோட்டைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினாள்.

அவள் சித்தப்பா அழகர் தையல்காரர். தோட்டத்து ஆட்கள் வேட்டிக்குள் போடுகிற கோடு போட்ட பட்டாபட்டி டவுசர்தான் அவருக்கு முக்கால்வாசி வேலை. மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணி குவிந்து கிடக்கும். அக்கம்மாள் அங்கே உட்கார்ந்து பக்கத்தை விரித்திருந்தபோது, விரல் அகலத் துண்டு ஒன்று திராட்சைச் சீட்டின் ஓரமாக விழுந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு. தள்ளாடிக்கொண்டிருந்த சீட்டு சுவரில் சாய்ந்த ஆள்போல நிமிர்ந்து நின்றது.

“சித்தப்பா, இந்தத் துண்டெல்லாம் வேணுமா?”

“குப்பைதான் தாயி. அள்ளிக்கிட்டுப் போ.”

அள்ளிக்கொண்டு போனாள். முதலில், பட்டையான கோடு போட்ட சிவப்புத் துணியைப் பக்கம் முழுக்க ஒட்டி அதன்மேல் ஏலத்தோட்டத்தை வைத்தாள். கோடு தோட்டத்தையே விழுங்கிவிட்டது. அதற்கப்புறம் மெல்லிய கோடுகளாகவே தேர்ந்தெடுத்தாள். அணைக்குக் கீழே படுக்கைவாட்டில் நீலக்கோடு ஒட்டினாள், தண்ணீர் நிறைந்தது. சின்ன டிக்கெட்டுக்கு இருபுறமும் நெட்டுக்கோடு போட்டதும் அதற்கும் ஒரு கம்பீரம் வந்தது. ஜீப்புக்கு மட்டும் கோட்டைச் சாய்த்து ஒட்டினாள். பார்க்கப் பார்க்கத் தனக்குள்ளேயே ஏதோ ஓடுவதுபோல இருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள், அறைத்தோழி ஞானபாக்கியம் நோட்டை வாங்கிப் பார்த்தாள். போடி கடைவீதி வியாபாரியின் மகள்; துணி தெரிந்தவள். தடவிப் பார்த்துவிட்டு, “ஏடி, இது பட்டாபட்டித் துணியில்ல?” என்றாள். அவ்வளவுதான். விடுதியே கூடிச் சிரித்தது. “மதுரையிலிருந்து பரீட்சை வைக்க வாற ஐயா வேட்டிய மடிச்சுக்கட்டிக்கிட்டுத்தான் பாக்கணும்” என்றாள் ஒருத்தி.

மறுநாள் காலை பிளேடும் கையுமாக உட்கார்ந்தாள் அக்கம்மாள். மைதாப் பசை இறுகிவிட்டிருந்தது. துணியைப் பிய்த்தால் தாளும் சேர்ந்து வந்தது. ஒரு மூலை கிழிந்ததும் கை நின்றுவிட்டது. அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

தேர்வாளர் சங்கரலிங்கம் சிரிக்கத் தெரியாதவர் என்று பேர். வரிசையில் அவள் பதினெட்டாவது ஆள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கூப்பிட்டதும் மேசை முன்னால் போய் நின்றாள்.

“எல்லாத்துலயும் கோட்ட நேரா ஒட்டியிருக்கீக. ஜீப்புக்கு மட்டும் ஏன் சாச்சிருக்கீக?”

“ஏத்தத்துல அது அப்படித்தானேய்யா போகும்.”

அவர் துணியை விரலால் நீவினார். “இது என்ன துணி?”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. “பட்டாபட்டித் துணிங்கய்யா. எங்க சித்தப்பா தைக்கிறாக. வெட்டுத்துண்டு.”

சங்கரலிங்கம் நிமிர்ந்து அவளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். சத்தம் நின்றது. ஏலத்தோட்டப் பக்கத்தைத் திருப்பி, “இங்கன மட்டும் படமே தெரியலையே” என்றார்.

“தெரியும்யா. அதுதான் முத ஒட்டுனது. அதுல பட்டுத் தெரிஞ்சுதான் மத்ததுக்கெல்லாம் சின்னக் கோடா எடுத்தேன்.”

“அப்ப அது இருக்கட்டும்” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

சுத்தத்துக்குக் குறைவாகவும் அமைப்புக்கு முழுசாகவும் மதிப்பெண் வந்தது. ஞானபாக்கியத்துக்கு அவளைவிட மொத்தத்தில் கூடுதல்தான். அக்கம்மாளுக்கு அது உறைக்கவில்லை. சாராள் டீச்சர் அந்த நோட்டை அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டக் கேட்டபோது மட்டும், கொடுக்க மனசில்லாமல் மூன்று நாள் இழுத்தடித்துக் கொடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்துக் கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. சுவரில் படம் மாட்டுவாள். திங்கட்கிழமை வந்ததும் கழற்றி வேறு மாதிரி மாட்டுவாள். தலைமை ஆசிரியர் மலைச்சாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஒரு மாசமாச்சும் ஒரே எடத்துல விட்டு வைங்க டீச்சர். பிள்ளைக தேடுதுக” என்றார்.

“தேடட்டும் சார்” என்றாள் அவள், ஆணியைப் பிடுங்கிக்கொண்டே.